நோய் வராத பிள்ளைக்காக யார் நடப்பது?



எங்கள் ஊர் திருவதிகை. பண்ருட்டியை ஒட்டி, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள், "ஓ... அப்பர் சாமிக்குச் சூலை நோய் தீர்ந்த ஊரா?" என்று கேட்பார்கள். ஆமாம், அந்த ஊர்தான்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், சமண மடத்தில் இருந்த தம்பிக்குத் தாங்க முடியாத வயிற்று வலி. திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். அக்கா அங்கே வர முடியாது என்று சொல்லிவிட்டார். தம்பிதான் ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்தார். அக்கா கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, வீரட்டானேசுவரர் சன்னதியில் நின்று பாடினார். வலி பறந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது.

சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதைதான். ஆனால் என் அக்கா மகளுக்கு அம்மை போட்ட வருடம்தான் அந்தக் கதையில் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. வலி வந்தவர் எவ்வளவு தூரமானாலும் நடந்து வருவார். கடன் வாங்கியாவது வருவார். ஆனால் தடுப்பூசி யாருக்கு? நோயே வராத பிள்ளைக்கு! சிரித்துக்கொண்டு, தவழ்ந்துகொண்டு, நன்றாகப் பால் குடித்துக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு! அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போக எந்த வலி விரட்டும்?

விரட்டுவதற்கு வலி இல்லாத இடத்தில், மருந்துதான் நடந்து வர வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அப்பா பண்ருட்டி பலாப்பழ மண்டியில் மூட்டை, பழம் தூக்குகிறவர். அம்மாவும் அக்காவும் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர்கள். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர்கள் விரல் எல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். பாலிடெக்னிக் என்ற வார்த்தையை எங்க ஆயாவுக்கு இன்னும் சரியாகச் சொல்ல வராது. "எம் பேத்தி கரண்டு படிப்பு படிக்கிது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்.

எங்கள் அத்தைக்கு வலது கால் சூம்பியிருக்கும். 1980-ஐ ஒட்டிப் பிறந்தவர். இரண்டு வயதில் காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் இறங்கிய பிறகு கால் நிற்கவில்லையாம். இளம்பிள்ளை வாதம். கல்யாணம் ஆகவில்லை. வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறார். "அப்பல்லாம் யாருடி வூட்டு வாசலுக்கு வந்து சொட்டு மருந்து ஊத்துனாங்க?" என்று கேட்பார். கேட்பது நியாயம்தானே? எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்ற திட்டம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கியதே 1985-ல்தான். அதுவும் மாவட்டம் மாவட்டமாக விரிந்து எல்லா இடத்துக்கும் வந்து சேரச் சில வருடம் ஆனது.

அத்தை கதை அந்தக் காலம். அக்கா மகள் கதை இந்தக் காலம்! அவளுக்கு மருந்து இருந்தது, இலவசம், அட்டையில் தேதியும் எழுதியிருந்தது. பிறகும் ஒன்பதாம் மாத ஊசி தவறிப் போனது. எப்படி?

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். முதல் புதன்கிழமை பிள்ளைக்குச் சளி. சளி பிடித்தால் ஊசி போடக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அக்கா போகவில்லை. (லேசான சளி, இருமல் இருந்தால் தாராளமாகப் போடலாம் என்று பின்னால்தான் தெரிந்தது.) இரண்டாவது புதன்கிழமை கொட்டை நிறைய வந்து இறங்கியிருந்தது. உடைத்த கிலோவுக்குத்தான் காசு, விட மனசில்லை. மூன்றாவது புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனார். "இன்னும் நாலு பிள்ளை சேரட்டும்மா, ஒரு பிள்ளைக்காக மருந்து பாட்டிலைப் பிரிக்க முடியாது, அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூலியும் போச்சு, ஊசியும் இல்லை. அடுத்த வாரம் போக அக்காவுக்கு மனம் வரவில்லை. "பிள்ளை நல்லாத்தான இருக்கு" என்று விட்டுவிட்டார்.

பதினான்காவது மாதம் பிள்ளைக்கு அனல் பறக்கும் காய்ச்சல். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நாலாம் நாள் முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் மணல் மணலாகச் செந்தடிப்பு. மணல்வாரி அம்மை. புத்தகத்தில் தட்டம்மை என்று போட்டிருக்கும். ஆயா வாசலில் வேப்பிலை செருகியது. "ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடக் கூடாது" என்றது. மூன்று நாள் பொறுத்தோம். அப்புறம் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. அத்தைதான் வாசலில் உட்கார்ந்தபடியே கத்தினார்: "எங் கால பாத்துக்கினே இன்னும் யோசிக்கிறீங்களா? தூக்குங்கடி பிள்ளைய!"

நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். பதினொரு நாள் கடலூரில் கிடந்தோம். பிள்ளை பிழைத்துவிட்டாள். ஒரு காதில் மட்டும் சீழ் வடிவது இன்னும் முழுசாக நிற்கவில்லை. அந்தப் பதினொரு நாளில் போன கூலியும், வட்டிக்கு வாங்கிய பணமும் சேர்த்தால், தவறிப் போன அந்த ஒரு புதன்கிழமைக் கூலி எம்மாத்திரம்!

இதில் யார் மேல் தப்பு? ஆயா மேலா? ஆயா அந்தப் பிள்ளை தலைமாட்டை விட்டு நகரவே இல்லை. அக்கா மேலா? அவர் ஊசி வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் ஊசிக்கு எதிரி யாருமே இல்லை நண்பர்களே! அவர்களுக்கு இருப்பது கூலி, பஸ், சளி, ஒரு தவறான பேச்சு, ஒரு வீண் அலைச்சல். இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையின் ஊசியைத் தின்றுவிடுகின்றன.

மருந்து நடந்து போன காலம்

கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்ப்போம். 1796-ல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர், பசு அம்மைப் பாலை வைத்துப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். ஆனால் பெரியம்மை உலகத்தை விட்டுப் போய்விட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது எப்போது? 1980-ல்! இடையில் 184 வருடம். மருந்து கண்டுபிடிப்பதற்கும் அது கடைசிக் குடிசைக்குப் போய்ச் சேர்வதற்கும் இடையே உள்ள தூரம் அது. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-ல். அதற்கு முந்தைய சில வருடங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் ஊசி போட்டார்கள்.

போலியோவும் அப்படித்தான். 1995-ல் தொடங்கிய சொட்டு மருந்து முகாம் நினைவிருக்கிறதா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பஸ் நிலையத்தில், ரயில் நிலையத்தில், பள்ளிக்கூடத்தில், கோயில் வாசலில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். வராத வீடுகளுக்கு மறுநாள் தேடிப் போனார்கள். விரலில் மை வைத்தார்கள், கதவில் சாக்பீஸால் எழுதினார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. என் வயதுப் பிள்ளைகள் யாருக்கும் எங்கள் தெருவில் அத்தை மாதிரிக் கால் இல்லை. எவ்வளவு பெரிய விஷயம்!

மருந்து நின்றுபோன காலம்

இனி நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நான்கு பச்சைக் குழந்தைகள் இறந்து போயின. அந்தத் தாய்மார்களின் துக்கத்துக்கு ஈடே கிடையாது. நாடே அதிர்ந்தது. அரசு, கிராமங்களுக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில்தான் போட வேண்டும் என்று மாற்றியது. நல்ல எண்ணத்தில்தான் மாற்றியது. ஏதாவது ஆனால் உடனே பார்க்க டாக்டர் வேண்டும் அல்லவா?

ஆனால் என்ன நடந்தது? தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் எல்லா ஊசியும் போட்டவர்கள், தமிழ்நாட்டில் 2005-06-ல் நூற்றுக்கு 81 பேர். பத்து வருடம் கழித்து, 2015-16-ல் நூற்றுக்கு 70 பேர்! ரோடு கூடியது, பஸ் கூடியது, வீட்டுக்கு வீடு செல்போன் வந்தது, ஊசி மட்டும் குறைந்தது. காரணம் இது ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். பயமும் ஒரு காரணம். ஆனால் வாசலுக்கு வந்த ஊசி பஸ் ஏறும் தூரத்துக்குப் போனதும் ஒரு முக்கியமான காரணம். ஊருக்குள் ஊசி போடுவது பின்னால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 2019-21 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 89 ஆனது. நாமெல்லாம் சந்தோஷப்பட வேண்டிய கணக்குதான். ஆனாலும் மீதி 11 பேர் யார்? அறுபது பேர் உள்ள நம் வகுப்பில் ஆறேழு பேர்!

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் பள்ளிகளில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாருக்கும். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வதந்தி! நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்தேன். அம்மா என்னைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இரண்டாம் நாள் எங்கள் டீச்சர் வெயிலில் நடந்து வீட்டுக்கே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எம் பேரனுக்கும் போட்டுட்டுத்தாம்மா வந்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அம்மா என் தலையைச் சீவி அனுப்பிவிட்டார். ஆயிரம் வாட்ஸ்அப் செய்தியை ஒரு டீச்சரின் செருப்புத் தேய்மானம் ஜெயித்தது!

நம் கடலூர் தந்த பாடம்

2004 டிசம்பர் 26 சுனாமியை நம் மாவட்டம் மறக்காது. கடலோரக் கிராமங்களில் குழந்தைகள் முகாம்களில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் தட்டம்மை புகுந்தால் தீப்பிடித்தது மாதிரிதான். அதனால் மூன்றாம் நாளே, டிசம்பர் 29-ல், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். மறுநாளே மாவட்டத்தில் தட்டம்மை கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. தேடிப் பார்த்ததில் 101 பேர். அதிலும் நோய் சுனாமிக்கு முன்பிருந்தே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனைக்கும் அந்த நாளில் முதல் தவணை ஊசி நம் பக்கம் நன்றாகவே போடப்பட்டிருந்தது!

ஏன் அப்படி? தட்டம்மைக்கு ஒரு தவணை போதாது என்பதுதான் பாடம். ஒன்பது மாதத்தில் போட்டால் சில பிள்ளைகளுக்கு அது பிடிக்காமல் போகும். அதனால்தான் 2010-லிருந்து இரண்டாவது தவணையும் நாட்டில் சேர்க்கப்பட்டது. ஒன்றரை வயதை ஒட்டிப் போடுகிறார்கள். நோய் கண்ட ஒரு பிள்ளை பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரப்பும். ஊரில் நூற்றுக்கு 95 பேர் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது பரவ வழியில்லாமல் நிற்கும். ஆனால் பிள்ளை நடக்கத் தொடங்கி, அம்மாவும் வேலைக்குத் திரும்பியபின் வருகிற தவணை இது. தவறுவது சுலபம்!

கரண்டு படிப்பு சொல்லிக் கொடுத்தது

"அப்ப வாசலுக்கே கொண்டாந்து போட வேண்டியதுதான?" என்று ஆயா கேட்கும். அது ஐஸ் வண்டி மாதிரி சுலபம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தடுப்பு மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் கெட்டுவிடும். சில மருந்து உறைந்து போனாலும் கெட்டுவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் குளிர்ப்பெட்டி நம் வீட்டு பிரிட்ஜ் இல்லை. அதன் சுவரைச் சுற்றி ஐஸ் இருக்கும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் கரண்டு கிடைத்தாலே குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கிருந்து நர்சம்மா ஐஸ் கட்டிகள் வைத்த சின்னப் பெட்டியில் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். மருந்துப் புட்டிமேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். தட்டம்மை ஊசியைக் கலந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து நம் பக்கம் எத்தனை நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோம்! அந்த மாதிரி நாட்களில் அந்தப் பெட்டியைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை!

ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்சம்மா என்பது கணக்கு. பிரசவம், கர்ப்பிணி, கணக்கு நோட்டு எல்லாம் அவர் தலையில்தான். ஆகவே "நர்சம்மா வரல" என்று திட்டிவிட்டுப் போவது நியாயம் ஆகாது. அவர் பாதி தூரம் நடந்து வருகிறார். மீதி தூரத்தை யார் நடப்பது?

நாம் நடக்கலாம்!

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. முந்திரிக் கொட்டகை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு நடக்கும் இடங்களுக்கு மாதம் ஒரு நாள் சாயங்காலத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஊசி வர வேண்டும். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் பாட்டிலைப் பிரிக்க வேண்டும். நாலு துளி மருந்து வீணாவதைவிட ஒரு தாய் வெறுங்கையோடு திரும்புவது பெரிய நஷ்டம். எங்கள் அக்கா அதற்கு சாட்சி.

ஆனால் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவா நாம் படிக்கிறோம்? நம் பாலிடெக்னிக்கில் பாதிப் பேர் என்னைப் போல வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நம் தெருவில் அந்தத் தடுப்பூசி அட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். நான் போன வருடத்திலிருந்து எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டு அட்டைகளைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாளைக்கு யாருக்கு ஊசி என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன். நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து போனால் பாட்டிலும் பிரியும், பிள்ளைக்குத் துணையும் ஆகும். இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்!

சொல்ல வேண்டிய விஷயமும் அதிகம் இல்லை. தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை ஊசி தவறியிருந்தால் ஐந்து வயது வரை போடலாம். லேசான சளி தடை இல்லை. ஊசிக்குப் பிறகு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் போட்ட இடத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து வர வேண்டும். வெளியூர் வேலைக்குப் போனாலும் எந்த அரசு நிலையத்திலும் போடலாம், அட்டையை மட்டும் துணிப் பையில் பத்திரமாக எடுத்துப் போக வேண்டும். வேப்பிலை கட்டுகிறவர்கள் கட்டட்டும். பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடட்டும்.

நம் மாணவர் பேரவை ஒரு தீர்மானம் போட்டு, விருப்பமுள்ள மாணவர் ஒவ்வொருவரும் பத்து வீட்டு அட்டையைப் பொறுப்பெடுத்தால் எத்தனை தெரு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விழாவுக்குத் தோரணம் கட்டும் நேரத்தில் கால்வாசி போதும்.

போன மாதம் அக்கா மகளுக்குத் தட்டம்மை இரண்டாவது தவணை. அம்மை வந்து போனால் ஊசி எதற்கு என்று ஆயா கேட்டது. ரூபெல்லாவுக்கும் சேர்த்துத்தான் அந்த ஊசி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் வாசலில் இருந்த அத்தை பூக்கூடையை ஓரம் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, "எங்கிட்ட குடுங்கடி, நானே தூக்கிட்டு போறேன்" என்று கை நீட்டினார்.

அந்தக் காலால் அத்தை நடக்கத் தயார் என்றால், நண்பர்களே, நாம்?

— மூன்றாம் ஆண்டு மாணவி, மின் மற்றும் மின்னணுவியல் துறை, திருவதிகை